வாட்ஸ்அப் நின்ற இரவிலும் இணையம் ஓடிக்கொண்டுதான் இருந்தது

2021 அக்டோபர் 4, திங்கட்கிழமை. இந்திய நேரப்படி இரவு ஒன்பது மணி தாண்டிச் சில நிமிடங்களில் வாட்ஸ்அப், ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் மூன்றும் ஒரே நேரத்தில் நின்றன. ‘நெட் போச்சு’ என்று பலரும் ரவுட்டரை அணைத்துப் போட்டுப் பார்த்தார்கள். கைப்பேசியை மறுபடி மறுபடி ஆன் செய்தார்கள். விடியற்காலை மூன்று மணி வாக்கில்தான் மூன்றும் மெல்லத் திரும்பத் தொடங்கின.

அந்த ஆறு மணி நேரமும் இணையம் நன்றாகவே இருந்தது. கேபிள் எதுவும் அறுபடவில்லை. மின்னஞ்சல்கள் போயின, மற்ற தளங்கள் திறந்தன. மூன்றையும் நடத்தும் ஃபேஸ்புக் நிறுவனத்தின் (இன்று மெட்டா) சர்வர்களுக்குள் யாரும் புகுந்து எதையும் திருடவில்லை. அவற்றுக்குப் போகும் வழி மட்டும் இல்லாமல் போயிருந்தது. அந்த வழியை அடைத்ததும் வெளியாள் இல்லை, அந்த நிறுவனமேதான்.

இது எப்படி நடக்க முடியும் என்று புரிந்துகொண்டால் இணையத்தின் அடிப்படை முக்கால்வாசி புரிந்துவிடும். இணையம், வலை (பிரவுசரில் திறக்கும் பக்கங்கள்), ஆப் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு ‘நெட்’ என்று சொல்லிப் பழகிவிட்டோம். பேச்சுக்கு அது போதும். ஆனால் இவை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கப்பட்ட தனித்தனி ஏற்பாடுகள். எந்த அடுக்கில் என்ன நடக்கிறது என்று தெரியாதவரை, எது கெட்டாலும் ரவுட்டரைத்தான் அணைத்துப் போட்டுக்கொண்டிருப்போம்.

அடியிலிருந்து தொடங்கலாம். இணையம் வானத்தில் இல்லை, பெரும்பாலும் மண்ணுக்கும் கடலுக்கும் அடியில் இருக்கிறது. கைப்பேசிக்கும் டவருக்கும் நடுவில் உள்ள தூரம் காற்று வழி. அதைத் தாண்டினால் வழியின் பெரும்பகுதி கண்ணாடி இழைதான். கண்டத்துக்குக் கண்டம் போகும் தகவலில் மிகப் பெரும்பகுதி செயற்கைக்கோள் வழியாகப் போவதில்லை, கடலடி ஃபைபர் கேபிள்கள் வழியாகவே போகிறது. இந்தியாவில் அந்தக் கேபிள்கள் கரையேறும் முக்கிய இடங்கள் மும்பையும் சென்னையும். சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் நடுவே கடலுக்கு அடியில் கிடக்கும் கேபிள் ஒன்றின் நீளம் சுமார் 3,200 கிலோமீட்டர். கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். அப்படியானால் சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு ஒளி போய்த் திரும்ப ஒரு நொடியில் முப்பதில் ஒரு பங்குதான் ஆகும். சென்னையிலிருந்து அந்தமானுக்குப் போகும் சுமார் 2,300 கிலோமீட்டர் கேபிள் 2020 ஆகஸ்டில்தான் பயன்பாட்டுக்கு வந்தது. அதற்கு முன்பு அந்தத் தீவுகள் செயற்கைக்கோளை நம்பி, மெதுவான இணைப்போடு காலம் தள்ளின.

கேபிள் அறுந்தால் என்ன ஆகும் என்பதையும் இந்தியா பார்த்திருக்கிறது. 2008 ஜனவரி 30 அன்று எகிப்தின் அலெக்சாண்ட்ரியா அருகே இரண்டு கடலடி கேபிள்கள் பழுதாயின. இந்தியாவிலும் வளைகுடா நாடுகளிலும் இணையம் படுத்துவிட்டது. ஆனால் முழுதாக நிற்கவில்லை. மேற்கே போக வேண்டிய தகவல் கிழக்கே திரும்பி, பசிபிக் கடலைச் சுற்றிக்கொண்டு போனது. ஒரு வழி அடைத்தால் வேறு வழியில் போகும் இந்தக் குணம் தற்செயலாக வந்ததில்லை. இணையத்தை வடிவமைத்தவர்கள் முதலிலேயே யோசித்து வைத்தது அது.

பழைய தொலைபேசியில் இரண்டு பேர் பேசினால், பேசி முடிக்கும்வரை அவர்களுக்கு நடுவே உள்ள கம்பி வழி முழுவதும் அவர்களுக்கே சொந்தம். சும்மா இருக்கும் நேரத்திலும் வேறு யாரும் அதைத் தொட முடியாது. 1960களில் அமெரிக்காவில் பால் பேரன் என்பவரும் பிரிட்டனில் டொனால்ட் டேவிஸ் என்பவரும், ஒருவரை ஒருவர் அறியாமலே, வேறு வழி ஒன்றை யோசித்தார்கள். செய்தியைச் சிறு சிறு துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டின் தலையிலும் போய்ச்சேர வேண்டிய முகவரியை எழுதி, தனித்தனியே அனுப்புவது. ஒரே கம்பியில் ஆயிரம் பேருடைய துண்டுகள் கலந்து போகலாம். ஒரு துண்டு வந்த வழியில்தான் அடுத்ததும் வர வேண்டும் என்றில்லை. அந்தத் துண்டுக்குப் பாக்கெட் என்று பெயர் வைத்தவர் டேவிஸ்.

இந்த யோசனையில் எழுந்ததுதான் ஆர்ப்பாநெட் என்ற அமெரிக்கக் கணினி வலையமைப்பு. 1969 அக்டோபர் 29 இரவு, லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகக் கணினியிலிருந்து ஸ்டான்ஃபோர்ட் ஆய்வு நிறுவனத்தின் கணினிக்கு ‘லாகின்’ என்ற சொல்லை அனுப்ப முயன்றார்கள். முதல் இரண்டு ஆங்கில எழுத்துகள் போய்ச் சேர்ந்தன, மூன்றாவதில் மறுமுனைக் கணினி படுத்துவிட்டது. சுமார் ஒரு மணி நேரத்தில் சரிசெய்து மறுபடி அனுப்பினார்கள்.

கொஞ்ச காலத்தில் இப்படிப் பல வலையமைப்புகள் முளைத்தன. ஒன்று கம்பியில், ஒன்று ரேடியோவில், ஒன்று செயற்கைக்கோளில். ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு முறை. இவற்றை எப்படி இணைப்பது? வின்ட் செர்ஃப், பாப் கான் இருவரும் 1974இல் தந்த விடை இன்றும் நிற்கிறது. உள்ளே எப்படி வேண்டுமானாலும் ஓடட்டும், வாசலில் எல்லோரும் ஒரே வகைப் பாக்கெட்டை வாங்கிக் கொடுத்தால் போதும் என்றார்கள். அந்தப் பொது ஒப்பந்தம் ஐபி. அதற்குமேல் டிசிபி என்று இன்னொன்று. ஐபிக்கு ஒரு பாக்கெட்டை முகவரியை நோக்கித் தள்ளிவிட மட்டும் தெரியும். போய்ச் சேர்ந்ததா, தொலைந்ததா என்று அது கவலைப்படாது. அந்தக் கவலை டிசிபியுடையது. அது பாக்கெட்டுகளுக்கு எண் போடுகிறது, வந்து சேர்ந்ததற்கு மறுமுனையிடம் ஒப்புதல் வாங்குகிறது, வராததை மறுபடி அனுப்புகிறது. பொதுவாக ஒரு பாக்கெட் 1,500 பைட் அளவு. 3 எம்பி படம் ஒன்றை அனுப்பினால் அது சுமார் 2,000 பாக்கெட்டுகளாகக் கிளம்பிப் போய், மறுமுனையில் வரிசை மாறாமல் கோக்கப்படுகிறது. ஆர்ப்பாநெட் 1983 ஜனவரி 1 அன்று இந்த முறைக்கு முழுதாக மாறியது. இணையம் பிறந்த நாள் எது என்று கேட்டால் நான் இந்த நாளைத்தான் சொல்வேன்.

இந்த வடிவத்தில் எனக்கு மிகவும் பிடித்தது, நடுவில் இருக்கும் ரவுட்டர்களுக்கு எதுவும் தெரிய வேண்டியதில்லை என்பது. பாக்கெட்டுக்குள் இருப்பது திருமணப் பத்திரிகையா, எக்ஸ்ரே படமா, கிரிக்கெட் நேரலையா என்று அவை பார்ப்பதில்லை. அதனால்தான் 1983இல் சாதாரண மக்களுக்கு எட்டாத வீடியோ அழைப்பு இன்று அதே ஏற்பாட்டின்மேல் ஓடுகிறது. புதிதாக ஒன்றைக் கொண்டுவர நடுவில் இருக்கும் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை.

முகவரி பற்றிச் சுருக்கமாக. பழைய ஐபி முறையில் மொத்தம் சுமார் 429 கோடி முகவரிகள்தான் உண்டு. உலகப் பொதுக் கையிருப்பு 2011 பிப்ரவரியிலேயே தீர்ந்துபோனது. அதனால் ஒரு வீட்டில் உள்ள பல கருவிகள் ரவுட்டருக்குப் பின்னால் ஒரே முகவரியைப் பங்குபோட்டுக்கொள்கின்றன. புதிய முறையான ஐபிவி6இல் தட்டுப்பாடு என்ற பேச்சே இல்லை. அதைப் பயன்படுத்துவதில் இந்தியா உலகின் முன்வரிசையில் இருக்கிறது.

இனி, அந்த இரவில் கெட்டுப்போன அடுக்குக்கு வரலாம்.

இணையம் ஒரே வலையமைப்பு இல்லை. தனித்தனி உரிமையாளர்கள் நடத்தும் 70,000க்கும் மேற்பட்ட வலையமைப்புகளின் கூட்டம் அது. பிஎஸ்என்எல் ஒன்று, ஏர்டெல் ஒன்று, ஜியோ ஒன்று, ஃபேஸ்புக் ஒன்று, பல்கலைக்கழகங்கள் சிலவும் தனித்தனியாக. இவர்களுக்குத் தலைவர் யாரும் கிடையாது. உலகம் முழுவதற்குமான வரைபடம் யாராவது வைத்திருப்பார்கள் என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி ஒன்று இல்லை. ஒவ்வொரு வலையமைப்பும் பக்கத்து வலையமைப்பிடம் ‘இன்ன இன்ன முகவரிகளுக்குப் போக என் வழியாக வரலாம்’ என்று அறிவிக்கிறது. அதைக் கேட்டவர் தன் பக்கத்தவரிடம் சொல்கிறார், அவர் அடுத்தவரிடம். இப்படிக் காதோடு காதாகப் பரவும் அறிவிப்புகள்தான் வழித்தடம். தெரியாத ஊருக்கு வழி கேட்டுப் போகிறவருக்கு முழு வழியும் யாரும் சொல்வதில்லை. ‘நேரா போய் இடதுபக்கம் திரும்புங்க, அங்க ஒரு டீக்கடையில கேளுங்க’ என்பார்கள். பாக்கெட்டும் அப்படித்தான், ஒவ்வொரு முக்கிலும் அடுத்த திருப்பத்தை மட்டும் தெரிந்துகொண்டு போகிறது.

இந்த அறிவிப்பு முறைக்கு பிஜிபி என்று பெயர். 1989இல் சிஸ்கோவின் கிர்க் லோஹீட், ஐபிஎம்மின் யாக்கோவ் ரெக்டர் இருவரும் மதிய உணவு மேசையில், கை துடைக்கும் காகிதங்களில் எழுதிப் பார்த்துத் தொடங்கிய முறை அது. அவசரத்துக்கு ஒரு தற்காலிக ஏற்பாடு என்றுதான் செய்தார்கள். அதன் பின்வந்த பதிப்பு இன்றும் உலகம் முழுவதும் ஓடுகிறது.

இதில் ஒரு பெரிய ஓட்டை உண்டு. பக்கத்தவர் சொல்வதை அப்படியே நம்புவதுதான் இந்த முறை. பொய்யாகவோ தவறாகவோ யாராவது அறிவித்தால்? 2008 பிப்ரவரி 24 அன்று அதுவே நடந்தது. தன் நாட்டில் யூடியூபை முடக்க அரசு சொன்னதால், பாகிஸ்தான் டெலிகாம் நிறுவனம் யூடியூபின் முகவரிகள் சிலவற்றுக்குத் தன் வழியே வரும்படி உள்ளுக்குள் ஓர் அறிவிப்பு போட்டது. அது எல்லை தாண்டிக் கசிந்தது. ஹாங்காங்கின் பெரிய நிறுவனம் ஒன்று அதை அப்படியே நம்பி உலகுக்குச் சொல்லிவிட்டது. இரண்டு அறிவிப்புகள் மோதும்போது, குறைந்த முகவரிகளைக் குறிப்பாகச் சொல்லும் அறிவிப்புக்குத்தான் முன்னுரிமை என்பது விதி. பாகிஸ்தானின் அறிவிப்பு அப்படிப்பட்டது. சுமார் இரண்டு மணி நேரம் உலகத்தின் பெரும்பகுதிக்கு யூடியூப் கிடைக்கவில்லை. ஒரு நாட்டின் தடை உத்தரவு உலகத்தையே தடுத்துவிட்டது. இதற்குப் பிறகு, முகவரிக்கு உரியவர் டிஜிட்டல் கையெழுத்து இட்டு உறுதிசெய்யும் முறை மெல்ல மெல்ல வளர்ந்து, இன்று வழி அறிவிப்புகளில் பாதிக்கு மேல் அந்தப் பாதுகாப்போடு இருக்கின்றன. மீதிப் பாதி இன்னும் நம்பிக்கையில்தான் ஓடுகிறது.

பிஜிபிக்குத் தெரிந்த முகவரிகள் வெறும் எண்கள். மனிதர்களுக்கு எண் நினைவில் நிற்காது. பெயரை எண்ணாக மாற்றித் தரும் ஏற்பாடுதான் டிஎன்எஸ். ஆர்ப்பாநெட் சிறியதாக இருந்த நாளில் எல்லாக் கணினிகளின் பெயரும் எண்ணும் ஒரே கோப்பில் இருந்தன. ஸ்டான்ஃபோர்ட் ஆய்வு நிறுவனத்தில் எலிசபெத் ஃபைன்லர் தலைமையிலான குழு அதைக் கையால் பராமரித்தது. ஒரு பெயரைச் சேர்க்க வேண்டுமானால் அவர்களிடம் கேட்க வேண்டும். எண்ணிக்கை கூடக்கூட அது தாங்கவில்லை. 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் அந்தப் பொறுப்பைப் பிரித்துப் பகிர்ந்தளிக்கும் முறையை வகுத்தார்.

நீங்கள் பிரவுசரில் .ஆர்க் என்று முடியும் ஒரு பெயரை அடித்ததும், உங்கள் இணைய நிறுவனத்தின் டிஎன்எஸ் சர்வர் உங்களுக்காக விசாரிக்கக் கிளம்புகிறது. முதலில் வேர் சர்வரிடம் கேட்கிறது. அதற்கு முழு விடை தெரியாது, ‘.ஆர்க் பெயர்களைக் கவனிப்பவர் இவர், அவரிடம் கேள்’ என்று மட்டும் சொல்லும். அவர் அந்தத் தளத்தின் சொந்த டிஎன்எஸ் சர்வரைக் காட்டுவார். அது கடைசியில் எண்ணைத் தரும். கிடைத்த விடையைக் கொஞ்ச நேரம் நினைவில் வைத்துக்கொள்வதால் ஒவ்வொரு முறையும் இவ்வளவு அலைச்சல் இல்லை. வேர் சர்வர்களுக்கு மொத்தம் 13 பெயர்கள். ஆனால் அந்த 13 பெயர்களுக்குப் பின்னால் உலகெங்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களில் நகல்கள் இயங்குகின்றன. தமிழிலும் முகவரி வைக்கலாம். .இந்தியா, .இலங்கை, .சிங்கப்பூர் மூன்றும் வேர் பட்டியலில் ஏறிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. பழைய கட்டமைப்புக்கு ஆங்கில எழுத்துதான் புரியும் என்பதால், நாம் தமிழில் அடிப்பதை பிரவுசர் ஒரு ஆங்கிலக் குறியீட்டுச் சரமாக மாற்றி அனுப்புகிறது. இவ்வளவு வசதி இருந்தும் தமிழ் முகவரிகளை நம் ஆட்கள் அதிகம் தொடவே இல்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

சரி, அக்டோபர் 4 அன்று என்னதான் நடந்தது? நிறுவனமே பிறகு விளக்கியது. அவர்களுடைய டேட்டா சென்டர்களைத் தங்களுக்குள் இணைக்கும் சொந்த ஃபைபர் கட்டமைப்பில் வழக்கமான பராமரிப்பு வேலை நடந்தது. எவ்வளவு கொள்ளளவு மிச்சம் இருக்கிறது என்று பார்க்க ஒரு கட்டளை கொடுத்தார்கள். அது அந்த இணைப்புகள் அனைத்தையும் துண்டித்துவிட்டது. இப்படிப்பட்ட கட்டளையைத் தடுத்து நிறுத்த வேண்டிய சோதனை மென்பொருளில் பிழை இருந்ததால் அதுவும் தடுக்கவில்லை.

இதற்குப் பிறகு நடந்ததுதான் கவனிக்க வேண்டியது. அந்த நிறுவனத்தின் டிஎன்எஸ் சர்வர்கள் டேட்டா சென்டர்களுக்கு வெளியே, பல ஊர்களில் சிறு நிலையங்களில் இருந்தன. டேட்டா சென்டரோடு தொடர்பு அறுந்தால், தன் இணைப்பில்தான் கோளாறு என்று எடுத்துக்கொண்டு, ‘என்னிடம் வாருங்கள்’ என்ற பிஜிபி அறிவிப்பைத் திரும்பப் பெற்றுவிட வேண்டும் என்பது அவற்றுக்கு இட்ட விதி. நல்ல விதிதான். ஒரு நிலையம் கெட்டால் மக்கள் அடுத்த நிலையத்துக்குப் போய்விடுவார்கள். ஆனால் அன்றைக்கு எல்லா நிலையங்களும் ஒரே நேரத்தில் அதே முடிவுக்கு வந்தன. ஒன்று விடாமல் எல்லாம் அறிவிப்பைத் திரும்பப் பெற்றன. அந்தப் பெயர்களுக்கு எண் சொல்லும் சர்வர் ஒன்றைக்கூட உலகில் யாராலும் எட்ட முடியவில்லை.

உலகெங்கும் கைப்பேசிகள் விடை கிடைக்காமல் திரும்பத் திரும்பக் கேட்டன. பொது டிஎன்எஸ் சேவை நடத்தும் கிளவுட்ஃப்ளேர், இந்தப் பெயர்களுக்கான கேள்விகள் வழக்கத்தைவிட 30 மடங்கு வந்ததாகச் சொன்னது. பழுது பார்க்க வேண்டிய பொறியாளர்களின் உள் கருவிகளும் அதே வலையமைப்பையும் டிஎன்எஸ்ஸையும் நம்பியிருந்ததால் அவையும் வேலை செய்யவில்லை. ஆட்களை நேரில் அனுப்ப வேண்டியதாயிற்று. அந்நியர் நுழையக் கூடாது என்று பலத்த பாதுகாப்போடு கட்டிய இடம் என்பதால் சொந்த ஆட்களுக்கே உள்ளே போய் வேலை செய்ய நேரம் பிடித்தது. சரிசெய்த பிறகும் எல்லாவற்றையும் ஒரேயடியாகத் திறக்க முடியவில்லை. மின்சாரத் தேவை சட்டென்று எகிறிவிடும் என்று பார்த்துப் பார்த்துத் திறந்தார்கள்.

ஒரு வழி அடைத்தால் வேறு வழி என்று கட்டப்பட்டது இணையம். அதன்மேல் ஒரே நிறுவனம் மூன்று பெரிய சேவைகளையும் அவற்றைப் பழுதுபார்க்கும் கருவிகளையும் ஒரே அடித்தளத்தில் வைத்தது. பலவீனம் அங்கேதான் இருந்தது. அதைவிட என்னை உறுத்துவது, நாம் அதன்மேல் ஏற்றியிருக்கும் சுமை. பள்ளி அறிவிப்பு, கடை ஆர்டர், மருத்துவரிடம் கேட்பது, வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையோடு பேசுவது எல்லாமே ஒரே ஆப்பில் என்று ஆகிவிட்ட வீடுகள் எத்தனை! மாற்று வழியாக மின்னஞ்சலோ சாதாரண எஸ்எம்எஸ்ஸோ ஒரு பக்கம் இருப்பது நல்லது.

இவ்வளவு நேரம் பேசியதில் வலை வரவே இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். மின்னஞ்சல் 1971இலேயே வந்துவிட்டது. வலை வந்தது அதற்கு ஏறக்குறைய இருபது ஆண்டுகள் கழித்து. ஜெனீவா அருகே உள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் பல நாட்டு விஞ்ஞானிகள் வேலை செய்தார்கள். ஒவ்வொருவர் கணினியும் ஒவ்வொரு வகை. ஒருவர் எழுதிய குறிப்பை இன்னொருவர் தேடி எடுப்பது பெரும்பாடு. 1989 மார்ச்சில் டிம் பெர்னர்ஸ்-லீ இதற்கு ஒரு திட்டம் எழுதிக் கொடுத்தார். தெளிவாக இல்லை, ஆனாலும் ஆர்வமூட்டுகிறது என்று அவருடைய மேலாளர் மைக் செண்டால் அதன் ஓரத்தில் குறித்தார்.

அவர் கொண்டுவந்தவை மூன்று ஒப்பந்தங்கள். உலகில் உள்ள எந்தப் பக்கத்துக்கும் தனி முகவரி. அதைக் கேட்டு வாங்க எச்டிடிபி. பக்கத்தை எழுத எச்டிஎம்எல், அதற்குள்ளேயே இன்னொரு பக்கத்துக்கு இணைப்பு கொடுக்கும் வசதி. இந்த மூன்றும் ஏற்கெனவே இருந்த இணையத்தின்மேல் அப்படியே உட்கார்ந்தன. கேபிளையோ ரவுட்டரையோ யாரும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. 1990 முடிவில் முதல் வலை சர்வர் அவருடைய மேசைக் கணினியிலேயே ஓடியது. ‘இந்தக் கணினி ஒரு சர்வர், அணைக்காதீர்கள்’ என்று அதன்மேல் ஒரு சீட்டு ஒட்டி வைத்திருந்தார்கள்.

அப்போது போட்டிக்கு கோஃபர் என்ற முறையும் இருந்தது, நன்றாகவும் பரவியிருந்தது. 1993 தொடக்கத்தில் அதை உருவாக்கிய மினசோட்டா பல்கலைக்கழகம் சில பயன்பாடுகளுக்கு உரிமக் கட்டணம் கேட்கப்போவதாக அறிவித்தது. அதே ஆண்டு ஏப்ரல் 30 அன்று செர்ன், வலையின் மென்பொருளை யார் வேண்டுமானாலும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று எழுத்துமூலம் அறிவித்தது. அதே ஆண்டில் படங்களையும் எழுத்தையும் ஒரே பக்கத்தில் காட்டும் மொசைக் பிரவுசரும் வந்தது. அதன் பிறகு கோஃபர் மெல்ல மங்கிப்போனது. செர்ன் அன்று கட்டணம் கேட்டிருந்தால், இன்று ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு தனி வலை வைத்து, ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போக முடியாத நிலை வந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

இப்போது நீங்கள் ஒரு தமிழ்ப் பக்கத்தைத் திறக்கும்போது இந்த அடுக்குகள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வேலை செய்கின்றன. டிஎன்எஸ் எண்ணைக் கண்டுபிடிக்கிறது. டிசிபி மறுமுனையோடு கைகுலுக்குகிறது. முகவரி எச்டிடிபிஎஸ் என்று தொடங்கினால், சர்வர் தன் சான்றிதழைக் காட்டி, இரண்டு பக்கமும் ஒரு ரகசியச் சாவியை ஒத்துக்கொள்கின்றன. அதன் பிறகு நடுவில் இருப்பவர்களுக்கு நீங்கள் எந்தத் தளத்துக்குப் போனீர்கள் என்பது பெரும்பாலும் தெரியும், அங்கே என்ன படித்தீர்கள் என்பது தெரியாது. பூட்டுக் குறி சொல்வது இவ்வளவுதான். அந்தத் தளத்தை நடத்துபவர் நாணயமானவர் என்று அது சொல்லவில்லை. மோசடித் தளங்களிலும் அதே பூட்டு இருக்கும், இதை வீட்டில் பெரியவர்களுக்குச் சொல்லி வைப்பது அவசியம்.

பிறகு பக்கம் பாக்கெட்டுகளாக வந்து சேர்கிறது. உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் தரும் பொதுப் பட்டியலான யூனிகோடின் யுடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 3 பைட். ‘அம்மா’ என்ற சொல்லில் அ, ம, புள்ளி, ம, கால் என்று ஐந்து குறியீடுகள், ஆக 15 பைட். யூனிகோடு பரவுவதற்கு முன், ஒரு தளத்தைப் படிக்க அந்தத் தளத்தின் எழுத்துருவை இறக்கிப் போட வேண்டியிருந்தது. அது இல்லாவிட்டால் திரையில் புரியாத குறிகள்தான் வரும். டிஸ்கி, டாப், டாம் என்று தமிழுக்கே பல குறியீட்டு முறைகள் இருந்தன. ஒன்றில் எழுதியதை இன்னொன்றில் தேட முடியாது. இன்று கைப்பேசியில் எந்தத் தமிழ்ப் பக்கமும் எழுத்துரு தேடாமல் திறக்கிறது என்றால், அங்கேயும் உலகம் முழுவதும் ஒரே பட்டியலை ஏற்றுக்கொண்டதுதான் காரணம்.

செர்ன் தன் முதல் வலைப் பக்கத்தை 2013இல் அதே பழைய முகவரியில் மீண்டும் ஏற்றி வைத்தது. இன்ஃபோ, செர்ன், சிஎச் என்ற மூன்றையும் ஆங்கிலத்தில் புள்ளியிட்டு அடித்தால் இன்றைய கைப்பேசியிலும் அங்கே போகலாம். படம் கிடையாது, வண்ணம் கிடையாது, எழுத்தும் இணைப்புகளும் மட்டும். அந்த இணைப்புகளைத் தொட்டால் அடுத்த பக்கம் வருகிறது.